விஜிஏ கார்ட் வாங்கப் போகும் திருகோணமலை ஆட்களுக்கு: எனக்கு 38,000 ரூபா போய்விட்டது

நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசியாக ஒரு தடவை அந்தக் கடைக்குப் போனேன். "உங்கட வீட்டில வச்சுத்தான் சாமான் பழுதாப் போச்சு தங்கச்சி, நாங்க ஒண்டும் செய்யேலாது" என்று கடை முதலாளி சொல்லிவிட்டு, நான் முன்னால் நிற்கும்போதே பின்னால் வந்தவரிடம் "என்ன வேணும் அண்ணே" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். போலி விஜிஏ கார்ட் (கணினித் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட்) ஒன்றால் 38,000 ரூபாவை இழந்தவள் நான். அந்தக் கோபம் ஆறும் முன்னே எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவோடு இரவாக இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. திருகோணமலை நகரத்துக்குள்ளே கணினிப் பாகங்கள் விற்று, பழுதும் பார்த்து, சிசிடிவி கமராவும் பூட்டிக் கொடுக்கிற கடை என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம். வீட்டிலிருந்தபடியே கலியாண வீடு, சாமத்திய வீட்டு அல்பங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். தம்பி உயர்தரம் படிக்கிறான். கணினியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது: ஐ5 8400 புரொசசர், 16 ஜிபி ரம், கோப்புகள் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி. எனக்கு விண்டோஸ் 10, அவனுக்கு லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டு. தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்துகொள்வோம். இரண்டு வருடமாக இரண்டும் ஒரே எஸ்எஸ்டியில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடைசியில் எல்லாப் பழியும் இந்த உபுண்டுவின் மேல்தான் விழுந்தது.

தம்பி பிளெண்டர் என்ற மென்பொருளில் பிரெட்ரிக் கோட்டை வாசலையும் உள்ளே திரிகிற மான்களையும் முப்பரிமாணத்தில் செய்துகொண்டிருந்தான். புரொசசரோடு வருகிற சாதாரண கிராபிக்ஸ் அதற்குப் போதவில்லை. என் அல்பக் கோப்புகளும் பெரிதாகிக்கொண்டே போயின. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் ஒரு விஜிஏ கார்ட் வாங்குவோம் என்று கடைக்குப் போனோம்.

அன்று அந்த மனிதர் எங்களோடு கதைத்த விதத்தை நினைக்கத்தான் வயிறு எரிகிறது. இரண்டு கதிரை எடுத்துப் போட்டார். என்ன வேலை செய்கிறீர்கள், என்ன மொனிட்டர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, பெட்டியோடு, 34,500 ரூபா என்றார். பாவித்ததா என்று கேட்டேன். "புதுசு மாதிரித்தான், கொழும்பிலிருந்து வந்தது" என்றார். என் மொனிட்டர் பழசு, நீல நிற விஜிஏ கேபிள் மட்டும்தான் போகும் என்றேன். கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில் விஜிஏ துளையும் இருந்தது. "பாருங்க, உங்களுக்காகவே செய்த மாதிரி. அப்படியே கொழுவலாம், கொன்வெர்ட்டர் காசும் மிச்சம். நானும் நம்மட ஊர்தான், உங்கள ஏமாத்திட்டு நான் எங்க போறது?"

அந்த விஜிஏ துளையைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். பொய்யைக் காட்டிக் கொடுக்கிற அடையாளமும் அதே துளைதான் என்று அன்று எனக்குத் தெரியாது. 1050 டிஐ 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறைச் சிப். அந்தத் தலைமுறைச் சிப்புகளில் நீல விஜிஏ கேபிளுக்கு வேண்டிய அனலொக் வெளியீடே இல்லை. டிவிஐ-டி, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இவ்வளவும்தான் வழக்கமாக இருக்கும். பழைய நீலத் துளை அதில் இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும்.

பில்லில் "விஜிஏ கார்ட் 1, 34,500, 3 மாதம்" என்று மட்டும் எழுதினார். மொடலை எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கதிரை போட்டு இருத்தி இவ்வளவு அன்பாகக் கதைத்த ஆளிடம் எப்படித் தோன்றும்?

கார்டை அவர்களே பூட்டி, ஒரு சீடியைப் போட்டு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஏற்றித் தந்தார்கள். "இந்த சீடி டிரைவரத்தான் பாவிக்கோணும், நெட்டில இருந்து எடுக்க வேண்டாம், அப்டேட்டும் போட வேண்டாம்" என்று இரண்டு தரம் சொன்னார். நல்லதுக்குச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் விண்டோஸ் திரையின் வலது மூலையில் "டெஸ்ட் மோட்" என்று ஒரு எழுத்து. டிவைஸ் மனேஜரில் 1050 டிஐ என்றே காட்டியது. முதல் வாரம் சின்ன அல்பங்கள் ஓடின. பெரிய அல்பத்தைத் திறந்ததும் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் விழுந்து கணினி அப்படியே நின்றுவிடும். தம்பி பக்கம் பிளெண்டர் இந்தக் கார்டைக் கண்டுகொள்ளவேயில்லை. சரி, டிரைவர்தான் பழசு போல என்று நினைத்து, 1050 டிஐ சிப்பைச் செய்த என்விடியா கம்பனியின் தளத்தில் அதற்கு உரிய டிரைவரை இறக்கி ஓட்டினேன். பொருத்தமான கிராபிக்ஸ் வன்பொருள் எதுவும் இல்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. கார்ட் உள்ளே இருக்கிறது, விண்டோஸ் பெயரும் சொல்கிறது, செய்த கம்பனியின் டிரைவர் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்கிறது. அந்த இடத்திலேயே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

டவரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் தொடக்கத்தில் வந்த பட்டியலில் உபுண்டுவைக் கண்டதும் முதலாளியைக் கூப்பிட்டான். இருவரும் ஒரே குரலில், "ரெண்டு சிஸ்டம் போட்டா இப்படித்தான், டிரைவர் ஒண்டோடொண்டு அடிபடும்" என்றார்கள். அப்படி அடிபடவே முடியாது. விண்டோஸ் ஓடும்போது உபுண்டுவின் டிரைவர் எஸ்எஸ்டியில் தூங்கிக்கொண்டு கிடக்கும்; இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அடுத்து மணிக்கூட்டைக் காட்டினார்கள். விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நின்றது. "பாருங்க, லினக்ஸ் மதர்போர்டையே குழப்பிட்டுது, பற்றரியும் போச்சு."

இதுவும் பொய். உபுண்டு மதர்போர்ட் மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்து வாசிக்கும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்பதால் சரியாக அந்த ஐந்தரைதான் வித்தியாசமாக வரும். பற்றரி போனால் இவ்வளவு கணக்காகப் பின்தங்குமா? உபுண்டுவில் ஒரே ஒரு கட்டளையால் சரிசெய்கிற விஷயம் இது. இவ்வளவு நாளும் தம்பி அப்படித்தான் வைத்திருந்தான். இடையில் உபுண்டுவைப் புதுப்பித்தபோது அந்த அமைப்பு மாறிப்போய்விட்டது. அன்று தம்பி என்னோடு வரவில்லை. எனக்கு மறுத்துக் கதைக்கத் தெரியவில்லை.

மறுநாள் டவரை எடுக்கப் போனேன். பற்றரி, கிளீனிங், விண்டோஸ் என்று 3,500 ரூபா. வீட்டில் போட்டால் உபுண்டு இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பகுதியை அழித்து டி டிரைவ் ஆக்கி வைத்திருந்தார்கள். தம்பியின் நாலு மாத வேலை அதற்குள்தான் இருந்தது. அவன் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு எழும்பி வெளியே போய்விட்டான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. காசை விடுங்கள், அந்தப் பிள்ளையின் உழைப்பை அழிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இரவு வந்து, யூஎஸ்பியில் உபுண்டுவை ஏற்றி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும், ஆனால் பெயர்கள் திரும்பி வராது. நூற்றுக்கணக்கான பெயரில்லாத கோப்புகளுக்குள் கோட்டை வாசல் கிடைத்தது. மான்கள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. உபுண்டுவைத் திரும்ப நிறுவி, 1050 டிஐக்கு ஏற்ற என்விடியா டிரைவரை அவன் போட்டதும் கறுப்புத் திரை. செல்லுபடியான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்கியூர் பூட் தடுக்கிறதோ என்று மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய்ப் பார்த்தோம். அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. அப்போது யார், எதற்காக? கட்டளைத் திரைக்குப் போய், உபுண்டு தனக்குள்ளே எழுதி வைக்கிற கேர்னல் பதிவை வாசித்தான். "அக்கா, இங்க வாங்கோ" என்றான். இந்தக் கணினியில் உள்ள ஜிடிஎஸ் 450, பழைய 390 வரிசை டிரைவரால் மட்டுமே இயங்கும் என்று என்விடியா டிரைவரே எழுதி வைத்திருந்தது. உள்ளே பூட்டியிருக்கிற பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையும் அதையே சொன்னது: ஜிஎஃப்106 சிப், ஜிபோர்ஸ் ஜிடிஎஸ் 450.

ஜிடிஎஸ் 450 என்பது 2010இல் வந்த கார்ட். வழக்கமாக 1 ஜிபி நினைவகம், கணக்குப் போடுகிற கோர் 192. 1050 டிஐயில் 768 கோர். ஜிடிஎஸ் 450 சேர்ந்த ஃபெர்மி தலைமுறைக்குப் புதிய வசதிகளோடு டிரைவர் செய்வதை என்விடியா 2018இல் நிறுத்திவிட்டது. பழைய கார்டின் பயோஸில் பெயரையும் நினைவக அளவையும் மாற்றி எழுதி, புதிய உறை பூட்டி விற்கிறார்கள். அந்தப் பொய்ப் பெயரை விண்டோஸ் காட்ட வேண்டுமென்றால் டிரைவர் கோப்பையும் திருத்த வேண்டும். திருத்திய டிரைவருக்குக் கம்பனியின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது, விண்டோஸ் வழக்கமாக அதை ஏற்காது. அதனால்தான் அந்த சீடி, அதனால்தான் டெஸ்ட் மோட், அதனால்தான் செக்கியூர் பூட்டை நிறுத்தினார்கள், அப்டேட் போடாதே என்று சொன்னார்கள். பச்சைக் கோடுகளுக்கும் இப்போது காரணம் தெரிந்தது: 4 ஜிபி இருக்கிறது என்று நம்பி விண்டோஸ் இல்லாத நினைவகத்தில் எழுதப் போயிருக்கிறது. உபுண்டு முதல் நாளிலிருந்தே அமைப்புப் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் என்விசி3 என்று காட்டிக்கொண்டுதான் இருந்தது. அது ஜிஎஃப்106 சிப்புக்கு உரிய பெயர். எங்களுக்குத்தான் அது விளங்கவில்லை. அந்த உபுண்டுவைத்தான் கடையில் அழித்தார்கள். ஏன் அழித்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திரையைப் படம் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம். "லினக்ஸ் பிழையாத்தான் காட்டும், அது ஃப்ரீ சாமான்தானே" என்றார். சரி என்று வீட்டுக்கு வந்து விண்டோஸிலேயே கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினோம். பெயருக்கு முன்னால் "ஃபேக்", அதாவது போலி, என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டியது. 2018இலிருந்து அந்த மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் முதலாளி அநுராதபுரம் போய்விட்டார். அடுத்த நாள் கொழும்புக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், அவர் நம்பர் தர முடியாது. அதற்கடுத்த நாள், பவர் சப்ளை காணாது, புதிதாக ஒன்று போட்டால் எல்லாம் சரிவரும். அந்தக் காசையும் கேட்கிறார்கள்! பிறகு, லினக்ஸ் போட்டதால் வாரண்டி இல்லை. பில்லில் அப்படி ஒரு வரி எங்கே என்று தம்பி கேட்டான். "தம்பி, படிச்ச பிள்ளை நீ, பெரியவங்களோட இப்படிக் கதைக்கக் கூடாது" என்றார். நேற்றுச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட மோசம். "உங்கட வீடு உப்புவெளிதானே, கடல்காத்துக்கு விஜிஏ தாங்காது." கடல்காற்று பட்டு 1050 டிஐ ஒன்று ஜிடிஎஸ் 450 ஆக மாறுமா?

34,500 கார்டுக்கு, 3,500 அழித்ததுக்கு. மொத்தம் 38,000 ரூபா. எட்டு மாதம் கட்டிய சீட்டு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், எழுதப் பொறுமை இல்லை. பில்லில் மொடல் பெயரை முழுதாக எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். எழுத மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். நீல விஜிஏ துளையோடு 1050 டிஐ என்று யாராவது தந்தால் தொடவே வேண்டாம். உபுண்டு யூஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், நிறுவத் தேவையில்லை, கடையிலேயே ஏற்றி எல்எஸ்பிசிஐ ஒன்றை ஓட்டினால் போதும். உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107 என்ற சிப் பெயர் வரும். டவரைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். அப்டேட் போடாதே என்று சொல்கிற கடையில் எதுவுமே வாங்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நாளைக் காலையில் எடுக்கப் போகிறேன். எழுத்தில் கொடுக்கவும் கடிதம் எழுதிவிட்டேன். பில்லில் மொடல் இல்லாததுதான் இடிக்கிறது. ஆனால் "1050 டிஐ 34,500 கடைசி விலை" என்று அவர் முதல் நாள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. தம்பி அதை மூன்று பிரதி அச்செடுத்து வைத்திருக்கிறான்.

நேற்று நான் வெளியே வரும்போது அவர்களுடைய கண்ணாடி அலுமாரியில் அதே பெட்டி இன்னும் இரண்டு இருந்தது. 34,500 என்று ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.