அண்ணனுக்கு எந்த மீட்டிங்? ஏ.ஏ., ஆஸ்பத்திரி குரூப், ஜூம் மூணும் போய்ப் பாத்தாச்சு

எங்க அண்ணன் குடியை நிறுத்தி பதினாலு மாசம் ஆகுது. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் நானும் அண்ணியும் அலையாத இடம் இல்ல. ஏ.ஏ.ங்கற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைக்கறவங்களே கூடி ஒருத்தருக்கொருத்தர் பேசற கூட்டம்), ஆஸ்பத்திரி குரூப், ஜூம் மீட்டிங், எல்லாம் பாத்தாச்சு. இப்ப யாராவது வந்து "எங்க வீட்டுக்காரருக்கு எந்த மீட்டிங் நல்லது"ன்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் கால் கடைப்பக்கம் திரும்புதுல்ல, அந்த நேரத்துக்கு நடந்தே போய்ச் சேர முடியுற மீட்டிங் எதுவோ அதுதான். டாஸ்மாக் மதியம் 12-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் திறந்திருக்கு, அந்த நேரத்துல ஆளை எங்க உக்கார வைக்கிறோம்ங்கறதுதான் பிரச்சினையே.

ஆனா எந்த மீட்டிங்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. காலைல எழுந்ததும் கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்குதுன்னா அவரை வீட்டுல வச்சு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. நிறுத்தின முதல் ரெண்டு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம உளறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியற நிலைமை வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அவங்களுக்கு முதல்ல ஆஸ்பத்திரி, மீட்டிங் அப்புறம்தான். எங்க போறதுன்னே தெரியலன்னா 14446-க்கு அடிங்க, போதை மீட்புக்குன்னே மத்திய அரசு வச்சிருக்கற இலவச நம்பர்.

ஆஸ்பத்திரி குரூப்போட பலமே டாக்டரும் மாத்திரையும் கவுன்சிலரும் ஒரே இடத்துல இருக்கறதுதான், குடும்பத்தையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. சென்னை இந்திரா நகர்ல இருக்கற டி.டி.கே. ஆஸ்பத்திரியை எல்லாருக்கும் தெரியும், சாந்தி ரங்கநாதன் 1980-ல ஆரம்பிச்சது. அண்ணன் போனது வேற ஒரு சென்டர், அங்க உடம்பு நல்லாவே தேறுச்சு, அதை நான் மறுக்கல. ஆனா டிஸ்சார்ஜுக்கு அப்புறம் குரூப் மாசத்துக்கு ரெண்டு தடவைதான், நடுவுல இருக்கற பதினாலு சாயங்காலத்துக்கு யாரு பொறுப்பு? அதோட கவுன்சிலர் ஃபைலைத் திறந்தாலே அண்ணன் பரீட்சை ஹால்ல உக்காந்த பையன் மாதிரி ஆயிடுவாரு, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில், ஒண்ணும் உண்மை இல்ல.

ஏ.ஏ. அப்படி இல்ல. 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல, குடியை விடமுடியாத ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சதுல ஆரம்பிச்சது, இந்தியாவுக்கு 1957-லயே வந்துடுச்சு. ஃபீஸ் கிடையாது, குடியை நிறுத்தணும்ங்கற ஆசை இருந்தா போதும், வேற தகுதி எதுவும் கேக்க மாட்டாங்க. நான் அண்ணனைக் கூட்டிட்டுப் போன முதல் மீட்டிங் ஒரு சின்னப் பள்ளிக்கூட வகுப்பறைல நடந்துச்சு, சுவத்துல வாய்ப்பாடு சார்ட், குழந்தைங்க பெஞ்ச், அதுல முட்டி இடிக்க இடிக்க பதினோரு பேர். பெரியவர் ஒருத்தர் டீ ஊத்திக் குடுத்தாரு, எல்லாருக்கும் முழு டம்ளர், அண்ணனுக்கு மட்டும் பாதி. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, புதுசா வந்தவனுக்கு இவ்வளவுதானான்னு. அப்புறம் அண்ணன் டம்ளரைத் தூக்கும்போதுதான் பாத்தேன், கை ஆடற ஆட்டத்துக்கு முழுசா இருந்திருந்தா சட்டையெல்லாம் கொட்டியிருக்கும். அந்தப் பெரியவர் எதுவும் சொல்லல, பாதி காலியானதும் வந்து மறுபடி பாதி ஊத்துனாரு. எந்த டாக்டருக்கும் இது தோணியிருக்காது, அந்த நடுக்கம் அவருக்கும் இருந்திருக்கு.

காசுக்கு தட்டு சுத்தி வந்தப்போ "புதுசா வந்தவங்க போடவேண்டாம்"னாங்க. கடவுள் பேச்சு வருதே, மதம் மாத்திடுவாங்களோன்னு அண்ணி பயந்தாங்க, அதெல்லாம் இல்ல, இடம் சுலபமா கிடைக்கறதால நிறைய மீட்டிங் சர்ச் ஹால்ல நடக்கும், அவ்வளவுதான், ஏ.ஏ.வோட வழிமுறையான பன்னிரண்டு படிகள்லயே அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான் இருக்கு. இது பலன் தருமான்னு கேக்கறவங்களுக்கு, 2020-ல காக்ரேன்னு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு, 27 ஆய்வு, பத்தாயிரம் பேருக்கு மேல, ஏ.ஏ.வும் அதுக்கு ஆளைத் தயார்படுத்தற சிகிச்சையும் குடியை முழுசா நிறுத்தறதுல மத்த சிகிச்சைக்குக் குறைஞ்சதில்லன்னு வந்திருக்கு. குறைன்னா, அங்க டாக்டர் கிடையாது, ஒவ்வொரு குரூப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், முதல் குரூப் ஒட்டலன்னா வேற குரூப் மாத்திப் பாருங்க. கூட நீங்களும் போறதா இருந்தா திறந்த கூட்டமா மூடிய கூட்டமான்னு முன்னாடியே ஃபோன்ல கேட்டுக்கோங்க, மூடிய கூட்டம்னா குடிப்பழக்கம் உள்ளவங்க மட்டும்தான்.

ஜூம் மீட்டிங் கொரோனாவுக்கு அப்புறம் ரொம்பப் பெருகிடுச்சு. சின்ன ஊர்ல இருக்கறவங்க, நைட் ஷிப்ட்காரங்க, முக்கியமா குடிப்பழக்கம் இருக்கற பெண்கள், அவங்க ஆம்பளைங்க நிறைஞ்ச ஹாலுக்குள்ள எப்படி நுழைவாங்க, அவங்களுக்கு இது பெரிய கதவு. அண்ணனுக்கு மட்டும் சரிவரல, கேமராவை ஆஃப் பண்ணிட்டு படுத்துடுவாரு. இப்ப ராத்திரி தூக்கம் வராதப்போ மட்டும் போன்ல போட்டுக் கேக்கறாரு.

சுவத்துல எழுதியிருப்பாங்களே, குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டுல கலந்து குடுக்கலாம்னு ஒரு பவுடர், தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம். அதுல டைசல்ஃபிராம் மாதிரி, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து இருக்கலாம், அது உள்ள இருக்கறது தெரியாம ஆள் குடிச்சா பிரஷர் இறங்கி உயிரே போகலாம். கோயில் கயிறு கட்டி 48 நாள் இருந்தாரு அண்ணன், அந்த நாள் எல்லாம் நல்லாத்தான் இருந்தாரு, 49-ஆம் நாளுக்கு எங்ககிட்ட எதுவும் இல்ல.

இன்னொண்ணு, வீட்டு ஆளுங்களுக்குன்னே அல்-அனான்னு ஒரு மீட்டிங் இருக்கு, ஏ.ஏ.வை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான பில் வில்சனோட மனைவி லோயிஸ் 1951-ல இன்னொருத்தரோட சேர்ந்து தொடங்கினது. அண்ணி ரெண்டு வருஷம் வரமாட்டேன்னாங்க, "குடிக்கிறது அவரு, நான் எதுக்கு தம்பி போகணும்"னு கேட்டாங்க. போன அன்னைக்கு பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கேட்டது "நீங்க சாப்டீங்களா"ன்னு, அவ்வளவுதான். மூணு வருஷமா யாரும் கேக்காத கேள்வி, அண்ணி அங்கயே அழுதுட்டாங்க. இப்ப வியாழக்கிழமை ஆனா அவங்க ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் கெளம்புறாங்க, பசங்களுக்கு அன்னைக்கு தோசை ஊத்தறது நான்தான்.