சூட்டைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள்: இனிபி, தெமாஸ்கல், சவுனா

பழுக்கக் காய்ச்சிய கல், அதன்மேல் தண்ணீர், இருட்டு, வியர்வை. அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களின் இனிபி, மெக்சிகோவின் தெமாஸ்கல், பின்லாந்தின் புகை சவுனா என்ற மூன்று ஆவிக்குளியல்களிலும் நடப்பது இதுதான். உடம்போடு மனசும் கழுவப்படும் என்ற நம்பிக்கையும் மூன்றுக்கும் பொது. எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கதவு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இனிபிக் குடில் வில்லோ மரக் கொம்புகளை வளைத்துக் கட்டியது. அந்தக் காலத்தில் காட்டெருமைத் தோல் போர்த்தினார்கள். இன்று கம்பளியும் கான்வாஸும். தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். நெருப்பைப் பார்த்துக்கொள்பவர் செக்கச்செவேலென்று கனலும் கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நடுக்குழியில் இறக்குவார். அவர்களுக்கு அவை கற்கள் அல்ல, தாத்தாக்கள். மேலே தூவிய சீடர் (cedar) மர இலை படபடவென்று பொரிந்து மணக்கும். வாசல் துணி விழுந்ததும் கும்மிருட்டு. பாட்டும் வேண்டுதலுமாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றும் முடிய வாசல் திறக்கும். நடுவில் தாங்க முடியாதவர் ‘மித்தாகுயே ஒயாசின்’ (எல்லோரும் என் உறவுகள்) என்று சொன்னாலும் திறப்பார்கள்.

இதற்குக் கட்டணம் கேட்பது அவர்கள் மரபில் இல்லை. 1883இல் அமெரிக்க அரசு பழங்குடிச் சடங்குகளைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. அவர்களின் சமயச் சுதந்திரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது 1978இல்தான். அத்தனை அடக்குமுறையிலும் பொத்திக் காத்ததை யாரோ விற்றால் வயிறு எரியாதா? 1993இல் லகோட்டா மக்கள், தங்கள் ஆன்மிகத்தைச் சுரண்டுவோர்மீது போர்ப் பிரகடனமே வெளியிட்டார்கள்.

2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஜேம்ஸ் ஆர்தர் ரே நடத்திய முகாமில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே குடிலில் அடைத்தார். ஆளுக்குச் சுமார் 10,000 டாலர் கட்டணம். வெளியேற நினைத்தவர்களையும் தாங்கிக்கொள்ளச் சொல்லி உந்தினார். மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அங்கே இருந்தது இனிபியின் உருவம் மட்டும்தான். லகோட்டா குடும்பம் ஒன்று உங்களை அழைத்தால் போங்கள். விளம்பரம் அழைத்தால் வேண்டாம்.

தெமாஸ்கல் கல்லிலோ மண்ணிலோ கட்டிய நிலையான குவிமாடம். அது முதலில் மருத்துவச்சிகளின் இடம். பிள்ளை பெற்றவளுக்கு வேது பிடிக்கும் நம் வழக்கத்துக்கு நெருங்கிய உறவு. சுற்றுலா விடுதிகளில் இன்று விற்கப்படுவதை நம்பிப் பணம் கட்டுமுன், நடத்துபவர் யாரிடம் கற்றார் என்று விசாரியுங்கள்.

புகை சவுனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. மணிக்கணக்கில் விறகெரித்து, புகை வெளியேறிய பிறகே உள்ளே போவார்கள். கல்லிலிருந்து எழும் ஆவிக்குப் பெயர் லோய்லு. பழைய பொருள் உயிர்மூச்சு. அங்கேதான் பிரசவம் பார்த்தார்கள், இறந்தவரையும் குளிப்பாட்டினார்கள். பின்லாந்தின் சவுனாப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. 2010இல் ஹெய்னோலாவில், யார் அதிக நேரம் தாங்குவது என்ற போட்டியில் ஒருவர் இறந்தது உண்மை. அந்தப் போட்டியையே பிறகு கைவிட்டார்கள்.

வெளியாளுக்கு என் தேர்வு சவுனாதான். சூடு அதிகமென்றால் கீழ்ப்படியில் உட்காரலாம். அதுவும் முடியாவிட்டால் எழுந்து போய் ஏரியில் இறங்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.