லட்சம் ஆண்டா, நாலு மணி நேரமா? மாக்மாவின் மூன்று கடிகாரங்கள்

மாக்மா, அதாவது பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு, உருவாகி, மேலே ஏறி, வெடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று தேடினால் லட்சம் ஆண்டு என்றும் பதில் வரும், நாலு மணி நேரம் என்றும் வரும். இரண்டுமே சரிதான். அளக்கிற கருவி வேறு, அது அளக்கிற கட்டமும் வேறு.

முதலில் சிர்கான். மாக்மாவில் வளரும் மிகச் சிறிய படிகம் இது. வளரும்போது யுரேனியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. அப்புறம் யுரேனியம் சிதைந்து ஈயமாவதால், உள்ளே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். வெடிப்பைவிடப் பல்லாயிரம் ஆண்டு, சில இடங்களில் லட்சம் ஆண்டுகூட மூத்த சிர்கான்கள் சாம்பலில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இதை வைத்து, அத்தனை காலமும் கீழே ஒரு நெருப்புக் குளம் கொதித்துக்கொண்டிருந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய, அது தவறு. பெரும்பாலான காலம் அங்கே இருப்பது ஈர மணல் மாதிரி, படிகங்களும் இடுக்குகளில் கொஞ்சம் குழம்பும்தான். அந்த நிலையில் அது வெடிக்காது.

எப்போது வெடிக்கத் தயாரானது என்பதைச் சொல்வது இரண்டாவது கடிகாரம், படிகத்தின் விளிம்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகம் ஒன்று கீழே கிடக்கிறது, புதிதாகச் சூடான மாக்மா உள்ளே புகுகிறது, படிகத்தின் மேல் வேறு சேர்மானத்தில் ஒரு புது அடுக்கு வளர்கிறது. பழைய அடுக்குக்கும் புதியதற்கும் இடையே உள்ள கோடு முதலில் கூர்மையாக இருக்கும். சூட்டில் அணுக்கள் இங்கும் அங்கும் நகர நகர அது மங்கும். வெடித்து வெளியே வந்து குளிர்ந்ததும் மங்கல் அப்படியே நின்றுவிடும். அந்த மங்கலின் அகலம்தான் நேரம். கிரேக்கத்தின் சாண்டோரினியில், கி.மு. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்த பெருவெடிப்பின் படிகங்களை 2012இல் இப்படி ஆராய்ந்தார்கள். அதற்கு முந்தைய பெருவெடிப்பு முடிந்து ஏறக்குறைய 18,000 ஆண்டுகள் ஆகியிருந்தன, ஆனால் மாக்மாவின் பெரும்பங்கு வந்து சேர்ந்தது கடைசி நூறு ஆண்டுக்குள். கோஸ்டா ரிகாவின் இராசு எரிமலை 1963இல் வெடித்தபோது, சுமார் 35 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து புது மாக்மா ஏறிவர ஆனது சில மாதங்கள், மிஞ்சினால் சில ஆண்டுகள்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. வெடித்த பிறகுதான் படிகம் கைக்கு வரும்.

வெடிப்பதற்கு முன்பே பேசுவது மூன்றாவது, நில அதிர்வுமானி. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ சுமார் 500 ஆண்டு உறங்கியபின் 1991 மார்ச்சில் அதிரத் தொடங்கியது, ஏப்ரல் 2 அன்று நீராவி வெடிப்பு, ஜூன் 15 அன்று உச்சம். பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்த அவகாசம் இருந்தது. சிலியின் சைத்தென் அப்படியில்லை. 2008 ஏப்ரல் 30 மாலை ஊர்க்காரர்கள் அதிர்வை உணர்ந்தார்கள், ஏறத்தாழ ஒரு நாளில் வெடித்துவிட்டது. அது ரையோலைட், மிகவும் கெட்டியான மாக்மா. மெதுவாகத்தான் ஏறும் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். வெளியே வந்த பாறையைச் சோதித்தபோது, கடைசி 5 கிலோமீட்டரை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கடந்திருப்பது தெரிந்தது.

ஆகவே மூன்றில் எது என்று கேட்டால், மலையடியில் குடியிருப்பவருக்கு சிர்கான் சொல்லும் எண்ணால் பெரிய பயனில்லை. "ஆயிரக்கணக்கான ஆண்டாக அமைதி" என்பதும் எந்த ஆறுதலும் தராது. அதே மலையின் பழைய வெடிப்புகளில் படிகம் என்ன சொல்கிறது என்று பார்த்து, அது எவ்வளவு முன்னறிவிப்பு தரும் மலை என்று ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் அதிர்வுமானிக்கே கொடுப்பேன், அதுவும் மலை அமைதியாக இருக்கும்போதே. பினாட்டுபோவில் ஏப்ரல் வெடிப்புக்குப் பிறகு கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க நேரம் கிடைத்தது. சைத்தெனுக்கு அருகில் கருவியே இல்லை, கொண்டுபோகவும் நேரமில்லை.