இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட்: பதினேழு வருடம் கழித்து லைனரும் பந்தும் மட்டும் மாற்றிய அனுபவம்

அப்பாவுக்கு 2006-ல் வலது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கிப்போன கேஸ், ஏவிஎன் என்பார்கள். 2023-ல் அதே மூட்டில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் லைனரையும் (கப்புக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் கிண்ணம் மாதிரியான உறை) பந்தையும் மட்டும் கழற்றிப் புதுசு போட்டோம், தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கும் ஸ்டெம்மையும் இடுப்பெலும்பில் பதிந்திருக்கும் கப்பையும் தொடவே இல்லை. கோவை பக்கம் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு "எந்த இம்ப்ளான்ட் நல்லதுங்க" என்று கேட்கிறவர்கள் நிறைய, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மாடுலர் என்று சொல்லி விற்பது இதைத்தான். ஸ்டெம், பந்து, லைனர், கப் என்று தனித்தனியாக நாலு உருப்படி. 1962-ல் இங்கிலாந்தில் டாக்டர் சார்ன்லி வைத்த மூட்டில் பந்தும் ஸ்டெம்மும் ஒரே துண்டு, பந்தின் விட்டம் 22.225 மில்லிமீட்டர், அது அப்படியேதான். இப்போதைய பந்து 28, 32, 36 என்று பல அளவில் வருகிறது, ஸ்டெம்மின் உச்சி நுழையும் கூம்புக் குழி பந்துக்குள் இருக்கிறது, அதன் ஆழம் மாற மாற பந்தைத் தாங்கும் கழுத்தின் நீளமும் மாறும். கால் ஒன்று குட்டையாகிவிடாமல் ஆபரேஷன் மேஜையிலேயே போட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்வது அதை வைத்துத்தான். அப்பாவுக்கு இரண்டு காலும் இன்றுவரை சமம்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அப்பா. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் ஒரு சாம்பிள் ஸ்டெம்மைக் கையில் கொடுத்தார். அப்பா பார்த்தது அதன் டைட்டானியத்தை இல்லை, உச்சியில் இருந்த சின்னக் கூம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு "ஏனுங்க டாக்டர், இது மோர்ஸ் டேப்பர் தானுங்களே" என்றார். அதே பெயர்தானுங்கய்யா, துடைத்துக் காயவைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான் என்று டாக்டர் சிரித்தார். லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புப் பிடிப்பில் டிரில் நிற்பது எப்படியோ அப்படித்தான் பந்தும் ஸ்டெம்மில் நிற்கிறது, ஸ்க்ரூவும் கிடையாது பசையும் கிடையாது. அப்பாவுக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது.

ஆனால் எத்தனை இணைப்போ அத்தனை இடத்தில் உரசலும் உண்டு. கழுத்தையும் தனியாகக் கழற்றும்படி செய்த ஸ்ட்ரைக்கர் கம்பெனியின் ரிஜுவனேட், ஏபிஜி 2 ஸ்டெம்களை 2012-ல் அந்தக் கம்பெனியே திரும்ப அழைத்தது, கழுத்து இணைப்பில் அரிப்பு வந்து சுற்றியுள்ள தசையைக் கெடுத்ததால். அதனால் "எல்லாமே கழற்றி மாட்டலாம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். பந்தும் லைனரும் மாற்ற முடிந்தால் போதும்.

இதில் தேய்கிற சாமான் லைனர்தான், காசு போடுவதாக இருந்தால் அதில் போடுங்கள். அப்பாவுக்கு முதலில் வைத்தது சாதாரண பாலிஎத்திலீன். அது தேய்ந்து விழும் தூள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும், அதற்கு வலியே இருக்காது என்பதுதான் வில்லங்கம். அப்பா பட்டறைக்கு நடந்து போய்க்கொண்டுதான் இருந்தார், செக்கப் எக்ஸ்ரேயில்தான் பந்து கப்பின் நடுவில் இல்லாமல் மேலே ஏறி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கழற்றிய லைனரை டாக்டர் காட்டினார். வெள்ளையாக இருந்தது மஞ்சளித்துப்போய், கீழ்ப்பக்கம் தடிமனாக, மேல்பக்கம் விளிம்பு விரலில் பிடித்தால் வளைந்துவிடும் போல மெலிந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பந்து கப்பின் உலோகத்தையே உரசியிருக்கும், அப்புறம் கப், ஸ்டெம் எல்லாம் பிடுங்க வேண்டிய பெரிய வேலை. இப்போது போட்டிருப்பது கிராஸ்லிங்க்டு பாலி, அதாவது மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கிய பாலிஎத்திலீன், தேய்மானம் பழையதைவிட ரொம்பவே குறைவு. இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

பந்து முதலில் கோபால்ட் குரோம் என்ற உலோகக் கலவை, இப்போது செராமிக், கத்தரிப்பூ மாதிரி லேசான ரோஸ் நிறம். ஏற்கெனவே பந்து உட்கார்ந்திருந்த பழைய கூம்பில் செராமிக்கை நேராக ஏற்றக்கூடாது, கீறல் இருந்தால் உடைந்துவிடும் என்று நடுவில் டைட்டானியம் ஸ்லீவ் ஒன்று வைத்தார்கள். 28 இருந்ததை 32 ஆக்கினார்கள், பந்து பெரிதானால் மூட்டு நழுவுவது குறையும். லைனர் மட்டும் மாற்றும் ஆபரேஷனில் நழுவும் ஆபத்து கொஞ்சம் அதிகம், அதனால் தாழ்ந்த ஸ்டூல், சம்மணம், இந்தியன் டாய்லெட் மூன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணப் பந்தியெல்லாம் டேபிளுக்கு மாறிவிட்டதால் அங்கே சிக்கல் இல்லை, கிராமத்துச் சொந்தக்காரர்கள் வீட்டில்தான் அப்பா சங்கடப்படுகிறார்.

இனி குறை. முதல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது என்று ஒரே வரி, எந்தக் கம்பெனி, எந்த மாடல், என்ன சைஸ் எதுவும் இல்லை. பில்லிலும் "இம்ப்ளான்ட், இம்போர்ட்டட்" என்று மொத்தமாக ஒரு தொகை. பழைய கப்புக்குள் அதற்கென்றே செய்த லைனர்தான் கவ்விப் பிடிக்கும், வேறு கம்பெனியுடையது மாட்டாது, கிடைக்கவில்லை என்றால் சிமென்ட் வைத்து ஒட்டுவது போன்ற மாற்று வழிதான். பந்திலும் அதே கதை. ஸ்டெம் உச்சியின் கூம்புக்கு எல்லாரும் 12/14 டேப்பர் (மேல், கீழ் முனைகளின் விட்டம், மில்லிமீட்டரில்) என்று ஒரே நம்பர் போடுவார்கள், ஆனால் கோணம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் பட்டறை நோட்டு. இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்கள் நான்கையும் அன்றைக்கே நர்ஸிடம் கேட்டு வாங்கி, பேரிங் நம்பர்கள் எழுதிய பக்கத்துக்கு எதிரே ஒட்டிவைத்திருந்தார். மேலே பிளாஸ்டிக் டேப் வேறு. ரெஃப் நம்பரும் லாட் நம்பரும் அழியாமல் இருந்ததால் டீலர் லைனரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

இந்த ஸ்டிக்கர் சின்ன விஷயம் இல்லை. டெப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தார்களே, இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன் நடந்ததில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னது. நஷ்ட ஈடு 2018-ல் அறிவித்தார்கள், தன் உடம்பில் இருப்பது அதுதானா என்று தெரியாதவர் எப்படிப் போய்க் கேட்பார்?

ஸ்டெம்முக்கும் கப்புக்கும் அஞ்சுக்கு அஞ்சு, பதினேழு வருடம் கழித்தும் அசையவில்லை. பழைய லைனருக்கு இரண்டரை. புதுசுக்கு இப்போதே மார்க் போடுவது நியாயமில்லை, வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுக்கிறோம். இந்தத் தடவை ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியே கையில் கொடுத்தது. அப்பா அதையும் நோட்டில்தான் ஒட்டினார், நான் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.