பஞ்ச் அண்ட் டை செட்: மாடல் காருக்கு வட்டம் வெட்டும் கருவி

1/24 அளவு (நிஜக் காரில் 24இல் ஒரு பங்கு) மாடல் கார் கிட்டில் எஞ்சினைப் பார்த்தால் விசிறிக்குப் பின்னால் இருக்கும் புல்லிகளையும் பெல்ட்டையும் பெரும்பாலும் ஒரே கட்டியாக வார்த்திருப்பார்கள். பெல்ட்டுக்கு நடுவே வெளிச்சம்கூடப் புகாது. அதை அறுத்துப் போட்டுவிட்டு நாமே செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதலில் மாட்டிக்கொள்வது வட்டத்தில்தான். சதுரம் பிரச்சினையே இல்லை, கத்தியும் எஃகு ஸ்கேலும் போதும். 2 மி.மீ. விட்டத்தில் ஒரே மாதிரி நான்கு வில்லைகள் வெட்டுவது வேறு கதை.

தோலில் துளை போடும் குழல் பஞ்ச் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிளந்துகொண்டு இறங்கும். வரும் வில்லை கிண்ணம்போலக் குவிந்திருக்கும், ஓரத்தில் பிசிறு வேறு. நான் இங்கே எழுதுவது நறுக்கி வெட்டும் வகையைப் பற்றி. கீழே கனமான எஃகுக் கட்டை, அதில் துளைகள். மேலே அதே துளைகளோடு ஒரு தெளிவான அக்ரிலிக் தகடு. 1 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை அரை மி.மீ. ஏற்றத்தில் பஞ்ச் ஊசிகள். கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்டைரீன் ஷீட்டைச் செருகி, திருகை இறுக்கி, பஞ்சைத் துளையில் நிறுத்தி, சுத்தியால் ஒரே தட்டு. பஞ்சுக்கும் கீழ்த்துளைக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு என்பதால் வில்லை தட்டையாக, கூர்மையான ஓரத்தோடு வந்து விழுகிறது.

இந்தச் செட்டில் காசு பெறுவது அந்த அக்ரிலிக் தகடுதான். பஞ்ச் எங்கே இறங்கப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தட்டலாம். முழுக்க எஃகில் வரும் செட்டுகளில் குத்துமதிப்பாகத்தான் தட்ட வேண்டும். பார்க்க முடிந்தால் வளையமும் செய்ய முடியும். முதலில் 2 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். அப்புறம் ஷீட்டை நகர்த்தி 2.5 மி.மீ. துளைக்கு நேர் நடுவே அதைக் கொண்டுவாருங்கள். சுற்றிலும் மயிரிழை அளவு வெள்ளை சமமாகத் தெரியும்போது தட்டினால் மெல்லிய வளையம் ஒன்று கிடைக்கும். டாஷ்போர்டு மீட்டரைச் சுற்றி இருக்கும் பளபளப்பான விளிம்பு அதுதான். வரிசையை மாற்றினால் நடக்காது, சின்னத் துளைதான் முதலில்.

மீட்டர் என்றதும் இன்னொன்று. தனியாக வாங்கிப் பொருத்தும் ஆயில் பிரஷர், வெப்ப மீட்டர்களின் வழக்கமான அளவு 52 மி.மீ. 1/24இல் அது 2.17, அமெரிக்கக் கிட்டுகளில் நிறைய வரும் 1/25இல் 2.08. ஆக 2 மி.மீ. பஞ்ச் இரண்டுக்கும் பொருந்துகிறது. முகப்பை மெல்லிய தாளில் அச்சிட்டு, எண்கள் நடுவில் வரும்படி பார்த்து வெட்டுகிறேன். மேலே கண்ணாடிக்கு அதே பஞ்சில் தெளிவான அசிடேட்.

புல்லிக்கு வருவோம். பெரிய வில்லை, சின்ன வில்லை, மறுபடி பெரியது. மூன்றையும் அடுக்கினால் நடுவில் பள்ளம் தானாக வந்துவிடும். வெளியே இரண்டும் 0.25 மி.மீ. ஷீட், நடுவில் 0.5 மி.மீ. அந்த அரை மி.மீ. நிஜத்தில் 12 மி.மீ. பழைய வண்டிகளின் வி பெல்ட் ஏறத்தாழ 10 முதல் 13 மி.மீ. அகலம்தான், அதனால் கணக்கு உதைக்கவில்லை. ஒட்டும்போது தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய பசையை ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அது தானே இடுக்கில் ஏறிக்கொள்ளும். அதிகமானால் மெல்லிய ஷீட் உருகிச் சுருண்டுவிடும்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் எஞ்சின் அறையில் பாதிக்கு மேல் வில்லைக் குவியலாகவே தெரிகிறது. 2.5 மி.மீ. வில்லை ரேடியேட்டர் மூடி. 3 மி.மீ. வில்லைகளை அடுக்கினால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. எட்டு சிலிண்டர் என்றால் அதில் சுற்றி எட்டுத் துளை, நடுவில் காயிலில் இருந்து வரும் ஒயருக்கு ஒன்று. ஸ்பார்க் பிளக் ஒயர் நிஜத்தில் 7, 8 மி.மீ. தடிமன், ஆகவே 0.3 மி.மீ. ஈயக்கம்பி சரியாக இருக்கும். (பானெட்டைத் திறக்க முடியாத மாடல் எனக்கு அரைக் கார்தான். இதில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.)

சரி, குறைகள். 6 மி.மீட்டரோடு நிற்பது பெரிய இடைஞ்சல். அமெரிக்காவில் 1940 முதல் வழக்கத்துக்கு வந்த வட்ட சீல்டு பீம் ஹெட்லைட் (லென்ஸும் பல்பும் ஒரே கூடாக மூடிய விளக்கு) 7 அங்குலம். 1/24இல் 7.4 மி.மீ. வேண்டும், செட்டில் இல்லை. 1950களின் கடைசியில் வந்த நான்கு விளக்குக் கார்களுக்கு 5¾ அங்குலம், அதாவது சுமார் 6.1 மி.மீ. அவற்றுக்குக் கடைசி பஞ்ச் கச்சிதம். 7 அங்குல விளக்கு இரண்டு மட்டும் உள்ள கார் கட்டுகிறவர்களுக்கு லென்ஸ் வெட்ட வேறு வழிதான்.

அடுத்த பக்கமும் அதே கதை. சக்கர நட்டின் தலை 19 மி.மீ. என்றால் நமக்கு வேண்டியது 0.8. இதில் ஆரம்பமே 1 மி.மீ. அந்த 1 மி.மீ. பஞ்சும் வெறும் ஸ்டைரீனுக்கே சீக்கிரம் வளைந்துவிட்டது. தனியாக ஒன்று தாருங்கள் என்று கேட்டால் செட்டாகத்தான் விற்போம் என்றார்கள். இந்த ஒரு பதிலுக்காகவே மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். உடையக்கூடிய பாகம் எது என்று செய்கிறவருக்குத் தெரியாதா? அளவு எண்களும் பஞ்சில் மங்கலாகத்தான் இருக்கின்றன, தலையில் வண்ணப் பொட்டு வைத்து அடையாளம் பண்ணிக்கொண்டேன்.

0.5 மி.மீட்டருக்கு மேல் தடித்த ஷீட் வேண்டாம், ஓரம் மழுங்குகிறது. பான டின்னின் அலுமினியத் தகடு நன்றாகவே வெட்டுகிறது, பித்தளையில் நான் கை வைக்கவில்லை. கட்டைக்கு அடியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் மேலே வரும்படி விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 1 மி.மீ. வில்லை நிலைமின்சாரத்தில் விரலிலோ சட்டையிலோ ஒட்டிக்கொண்டு போய்விடும், தேடிக் கிடைக்காது.

ஐந்துக்கு மூன்றரை. 1/24, 1/25 கட்டுபவர், அதுவும் எஞ்சினிலும் டாஷ்போர்டிலும் மெனக்கெடுபவர் தயங்காமல் வாங்கலாம். 1/43 ஆட்கள் இதை விட்டுவிடுங்கள். அங்கே அதே 52 மி.மீ. மீட்டர் 1.2 ஆகிவிடும், சக்கர நட்டு அரை மி.மீகூட இல்லை. உங்களுக்கு 1 மி.மீட்டருக்குக் கீழே தொடங்கி நெருக்கமான அளவுகளில் போகும் செட் வேண்டும். வாங்கும் முன் பஞ்ச் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.