வீட்டோடு படுத்திருக்கும் நோயாளிக்கு யாரைக் கூப்பிடுவது? அரசு, மருத்துவமனை, அறக்கட்டளை, தனியார்: ஓர் ஒப்பீடு

"இதுக்கு மேல இங்க வச்சுப் பண்றதுக்கு ஒண்ணுமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க." புற்றுநோய் முற்றியவரின் குடும்பம் ஏதாவது ஒரு வார்டில் இதைக் கேட்டிருக்கும். பார்த்துக்கொள்ளத்தான் போகிறார்கள். ஆனால் நடுராத்திரியில் வலி தாங்காமல் கத்தினால் யாருக்குப் போன் செய்வது, மூக்கில் போட்ட டியூப் அடைத்துக்கொண்டால் யார் வருவார்கள், முதுகுப் புண்ணை யார் கட்டுவார்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர், பெரிய மருத்துவமனைகளின் வலி நிவாரணப் பிரிவு, இலவசமாகச் செய்யும் அறக்கட்டளைகள், காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஒன்றும் தனியாகப் போதாது. முதலில் பெயரைப் பதிய வேண்டிய இடம் அரசுச் செவிலியர். வலி மாத்திரைக்கு மருத்துவமனை. உங்கள் ஊருக்கு வரும் அறக்கட்டளை இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. தூக்கி உட்காரவைக்க வீட்டில் தெம்புள்ள ஆள் இல்லாதபோது மட்டும் தனியார். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கையில் இருக்கும் பணம் ஹோம் நர்ஸுக்குப் போய்த் தீர்ந்த பிறகுதான் மற்றவர்களைத் தேடுகிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு (பாலியேட்டிவ் கேர்) செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் இதே திட்டத்தில் இருப்பது, படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாயைப் பார்ப்பது, புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலையில் அடங்கும். சிறுநீரகம் செயலிழந்து வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் இந்தத் திட்டத்தில் வருகின்றன. ஆகவே இது புற்றுநோய்க்கு மட்டும் ஆனதல்ல. பக்கவாதம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், முதுமையில் எழ முடியாதவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

இவர்களை எட்டுவதும் சுலபம். உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணிடம் சொல்லலாம். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய், "வீட்டில் படுக்கையில் இருக்கிறார், நோய் ஆதரவுப் பதிவில் சேர்க்க வேண்டும்" என்று கேட்கலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்குப் போன் செய்தும் வழி கேட்கலாம்.

குறை எங்கே என்றால், ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே செவிலியர். எத்தனை ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று நினைத்துப் பாருங்கள். தினமும் புண் கட்ட அவர் வர முடியாது. ராத்திரியில் வரமாட்டார். மருத்துவர் இல்லாமல் வரும்போது வலிக்குப் பெரிய மாத்திரை எழுதித்தரவும் முடியாது. ஆனால் மற்ற மூன்று வழியிலும் இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது. திருவாடானைக்கு உள்ளே ஒரு குக்கிராமமானாலும், ஜவ்வாது மலை அடிவாரமானாலும் அது இவருடைய எல்லைக்குள்தான் வரும். "உங்க ஏரியாவுக்கு நாங்க வர்றதில்லை" என்று அவர் சொல்ல முடியாது. நான் இவரை முதலில் வைப்பது இதனால்தான்.

இப்போது வலிக்கு வருகிறேன். இங்கேதான் மருத்துவமனை தவிர்க்க முடியாததாகிறது. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தை ஏற்றும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. முதலில் பாராசிட்டமால் போன்றவை, அப்புறம் டிரமடால் போன்றவை, அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின். மார்ஃபின் மாத்திரை விலை அதிகமானது அல்ல. கிடைப்பதுதான் பாடு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு இதை வைத்திருக்கவே பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. எதற்கு வம்பு என்று பல மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம் என்று எளிதாக்கினார்கள். ஆனாலும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இன்றும் கிடைக்காது. அங்கீகாரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் (1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது), காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். அவற்றுக்கு முன்னால் உங்கள் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வலி நிவாரணப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது, மார்ஃபின் இருப்பு இருக்கிறதா, நோயாளியைத் தூக்கி வராமல் வீட்டு ஆள் கோப்போடு வந்தால் அடுத்த மாதத்துக்கு மாத்திரை தருவார்களா? இந்த மூன்றாவது கேள்வியை மறக்கவே வேண்டாம். எலும்புக்குப் பரவியவரை வேனில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு எண்பது கிலோமீட்டர் போய்வருவதற்கும், மகன் மட்டும் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கிவருவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மார்ஃபின் பற்றி ஒரு பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது: "கொடுத்தா பழகிடும்", "அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க." இரண்டுமே சரியல்ல. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காக எடுத்துக்கொள்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. சரியான அளவு மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதும் இல்லை. சாதாரண மாத்திரையானால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் அநேகமாகக் கட்டாயம் வரும், அதனால் முதல் நாளிலேயே மலமிளக்கியும் சேர்த்து எழுதித்தரும்படி கேளுங்கள். எழுதித்தர மறந்துபோய், மலச்சிக்கல் தாளாமல் நோயாளியே வலி மாத்திரையை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி நிறுத்தியவர்கள் படும் பாடு யாருக்கும் வரக் கூடாது.

மருத்துவமனையின் பலம் இந்த மாத்திரையும், நீர் கோத்த வயிற்றிலிருந்து நீர் எடுப்பது, வலி குறைய ரேடியேஷன் கொடுப்பது போன்ற வேலைகளும். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அதன் வேலையல்ல. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

அரசுச் செவிலியரும் மருத்துவமனையும் விடும் இடைவெளியை அறக்கட்டளைகள்தான் நிரப்புகின்றன. சென்னையில் ஆர்.எம்.டி. வலி நிவாரண அறக்கட்டளை, டீன் ஃபவுண்டேஷன், மதுரையில் ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மையம் ஆகியவை பல ஆண்டுகளாக இதே வேலையாக இருப்பவை. வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியாத நிலைமை என்றால், சென்னை மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் தங்கவைத்துப் பார்க்கும் இடம். பெற்றவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்று ஊர் பேசுமே என்று தயங்குகிறார்கள். ஒற்றை அறை வீட்டில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே, நாற்றம் எடுக்கும் புண்ணோடு ஒருவர் கூனிக்குறுகிப் படுத்திருப்பதைவிட அங்கே மரியாதையாக இருக்கலாம். பேசுகிறவர்கள் ஒருநாளும் வந்து கட்டுப் போடப்போவதில்லை.

புண் நாற்றம் என்றேன். அறக்கட்டளைச் செவிலியர்களின் கைநேர்த்தி இங்கே தெரியும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவினால் நாற்றம் வெகுவாக அடங்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த எளிய முறை. செலவும் சொற்பம். ஆனால் அதைச் சொல்லித்தர யாரும் இல்லாததால், பேரப்பிள்ளைகள் அறைக்குள் வராமல் போன வீடுகள் உண்டு. உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். அறக்கட்டளைக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். நோய் இன்னது என்று நோயாளியிடம் எப்படிச் சொல்வது, வெளியூரில் இருக்கும் தம்பியை எப்போது வரச்சொல்வது போன்றவற்றை அரசுச் செவிலியர் அவசரத்தில் பேச முடியாது, மருத்துவமனை வரிசையில் பேச நேரமில்லை, ஏஜென்சி பேசவே பேசாது.

குறை, தூரம்தான். நகரத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருப்பார்கள். வண்டிக்கும் டீசலுக்கும் நன்கொடையை நம்பியிருக்கிறார்கள் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தாலும் போனில் ஆலோசனை சொல்வார்களா என்று கேளுங்கள்.

தனியார் ஏஜென்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அனுப்பப்படுபவர் நர்ஸ் என்ற பெயரில் வந்தாலும், ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். என்ற செவிலியர் படிப்பு படித்தவரா, வெறும் உதவியாளரா என்று சான்றிதழைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் வேறு. அட்வான்ஸ் திரும்ப வருமா, ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில், சாப்பாடு யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, ஏர் பெட் சரியாகக் காற்றோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர் கிடைத்தால் படுக்கைப் புண்ணே வராமல் தடுக்கலாம். அந்த அளவில் கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டு. வலியைக் குறைக்க இவர்களால் ஆகாது. அதற்காக இவர்களை வைக்காதீர்கள்.

கேரளத்தை ஒட்டிய மாவட்டங்களில் இருப்பவர்கள், "அங்கே மட்டும் எப்படி வீட்டுக்கு வீடு வருகிறார்கள்?" என்று கேட்பதுண்டு. 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரணச் சேவையை ஊர்மக்களே எடுத்துக்கொண்டார்கள். வார்டுக்கு வார்டு தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்து, ஊராட்சிகளின் பொறுப்பாக்கியது. நம்மிடம் செவிலியர் இருக்கிறார், அவருக்குத் துணையாக ஊர் இல்லை. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள் நிறைய. சிகிச்சை அங்கே நடந்தாலும் கேரள ஊராட்சியின் வீட்டுச் சேவை எல்லை தாண்டி வராது. அதனால் அங்கே மருந்து எழுதி வாங்கும்போதே, இந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவு செய்துவிடுவது நல்லது.

பண உதவியை இந்த நான்கோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தருவது. வீட்டில் ஆள் வைக்கும் செலவுக்கு வராது. சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, உடன் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிறவர் மனம் உடைந்துபோனால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

இந்த நான்கில் யாரையும் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். நோய் முற்றிவிட்டது என்று தெரிந்த அன்றே, கீமோ நடந்துகொண்டிருந்தாலும், பதிவு செய்யலாம். வலி நிவாரணப் பிரிவுக்குப் போவதால் மற்ற சிகிச்சை நின்றுவிடாது.

கடைசியாக, கேட்கத் தயங்கினாலும் கேட்டே ஆக வேண்டிய ஒன்று. வீட்டில் உயிர் பிரிந்தால், என்ன காரணத்தால் என்று மருத்துவர் ஒருவர் 4ஏ படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் அது வி.ஏ.ஓ.விடம். மருத்துவர் வீட்டுக்கு வரும் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இதில் அலைச்சல் குறைவு. அந்த வசதி இல்லாத ஊரில், உள்ளூர் மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே அழைத்து நோயாளியைக் காட்டி, கோப்பையும் அவர் பார்வைக்கு வைத்துவிடுங்கள். முன்பின் பார்க்காத ஒருவருக்கு எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்.