ஸ்பிரே கன்: நான்காண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பழைய ஸ்கூட்டரின் மட்கார்டுகளுக்கும் பக்கவாட்டுப் பேனல்களுக்கும் நானே பெயிண்ட் அடித்துவிடலாம் என்ற துணிச்சலில், கிண்ணம் மேலே அமைந்த, 1.4 மில்லிமீட்டர் நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளை) கொண்ட எச்.வி.எல்.பி. வகை, அதாவது குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைச் செலுத்தும், ஸ்பிரே கன் ஒன்றையும், 50 லிட்டர் தொட்டியுள்ள 2 எச்.பி. கம்ப்ரசர் ஒன்றையும் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அதற்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட பாகங்களுக்கு அடித்திருக்கிறேன். முதல் பத்தும் பார்க்கச் சகிக்காதவை.

அவை எல்லாவற்றிலும் குறை ஒன்றுதான்: காய்ந்த பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. தின்னரைக் கூட்டினால் வழிந்தது, குறைத்தால் சொரசொரத்தது. கன்தான் மட்டம் என்று முடிவுகட்டி, விலை கூடிய ஒன்றைப் பார்த்துவைத்திருந்த வேளையில், எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன் நான் அடிப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். "தம்பி, விசையை அழுத்திக்கிட்டே கேஜைப் பாருங்க" என்றார். கன்னின் அடியில் மாட்டியிருந்த பிரஷர் கேஜ் சும்மா இருக்கையில் 40 பி.எஸ்.ஐ. காட்டியது; விசையை அழுத்தியதும் முள் 18-க்கு இறங்கி நின்றது. ஓராண்டு முழுவதும் நான் சும்மா இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தே அளவு வைத்திருந்தேன்.

எச்.வி.எல்.பி. கன்னில் காற்று வெளிவரும் மூடியருகே அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. பெயிண்ட் புகையாகப் பறந்து வீணாகாமல் பாகத்தின் மேல் படிவது அதனால்தான். ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு பெயிண்டைத் துகளாக்க வேண்டுமானால், காற்று அதிக அளவில் இடைவிடாமல் வந்தாக வேண்டும். சிறிய கம்ப்ரசர் அதற்கு ஈடுகொடுப்பதில்லை; மெல்லிய ஹோஸும் அதை இணைக்கும் குறுகிய கப்ளரும் வருகிற காற்றையும் நெரித்துவிடுகின்றன. ஹோஸை 10 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு மாற்றினேன். விசையை அழுத்திய நிலையிலேயே அழுத்தத்தைச் சரிசெய்தேன். ஒரு பக்கம் அடித்து முடித்ததும் தொட்டி நிரம்பும்வரை காத்திருக்கப் பழகினேன். ஆரஞ்சுத் தோல் பெரும்பாலும் மறைந்தது; புதிய கன் வாங்கும் எண்ணமும் அத்தோடு போயிற்று. மிச்சமிருக்கும் லேசான மேடுபள்ளத்தை 1500, 2000 எண் வாட்டர் பேப்பரும் மெருகேற்றும் காம்பவுண்டும் எடுத்துவிடுகின்றன.

கைப்பழக்கம் இதைவிட எளிதாகவே வந்தது. பரப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தோளோடு கையை நகர்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூடுமாறு அடிக்க வேண்டும். விசையைப் பாதி அழுத்தினால் காற்று மட்டும் வரும், முழுதும் அழுத்தினால்தான் பெயிண்ட் வரும் என்பதால், பாகத்தின் விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்தால் ஓரங்களில் வழியாது.

ஐப்பசி மழையில் ஒருமுறை அவசரப்பட்டேன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றின் நீர் அதன்மேல் படிந்ததில், கறுப்பு மட்கார்டு பத்தே நிமிடங்களில் பால் தெளித்தாற்போல் வெளுத்தது. கம்ப்ரசரில் நீர்ப் பிரிப்பான் இருந்தும் பயனில்லை, ஈரம் சுற்றுப்புறத்தில் அல்லவா இருந்தது!

சுத்தம் செய்வதில் காட்டிய சோம்பலுக்கும் விலை கொடுத்தேன். ஒருநாள் பெயிண்ட் நீள்வட்டமாக விழாமல் பிறைநிலவாக வளைந்து விழுந்தது. மூடியை அரைச்சுற்றுத் திருப்பி அடித்ததும் பிறையும் திரும்பியது. ஆகவே அடைப்பு நாசிலில் இல்லை, மூடியின் ஓட்டையில்தான் என்று தெரிந்தது. இரும்புக் கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும் என்பதால் பல்குத்தும் குச்சியைத்தான் பயன்படுத்துகிறேன். முழுக் கன்னையும் தின்னரில் ஊறவைத்ததில் ஊசியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் கெட்டு, அதை மாற்ற வேண்டியதாயிற்று. இந்த நான்கு ஆண்டுகளில் மாற்றிய ஒரே பாகம் அதுதான்.

நிறத்தின் மேல் பாதுகாப்பாக அடிக்கும், ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்த நிறமற்ற பூச்சான டூ கே கிளியர் கோட்டை மட்டும் வீட்டில் அடிப்பதில்லை. அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. வெளியிலிருந்து தூய காற்று தரும் முகக்கவசம் என்னிடம் இல்லை. ஆனால் என்.சி. பெயிண்ட் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். ஆகவே பெட்ரோல் டேங்கை நிறம்வரை நான் அடித்து, கிளியர் கோட்டுக்கு அண்ணனின் பட்டறைக்கே எடுத்துச் செல்கிறேன்.